வண்டிச் சாவியைத் தேட வேண்டாம்

என்னங்க,

தூங்குகிறீர்களா, தூங்குவதுபோல் நடிக்கிறீர்களா, தெரியவில்லை. எழுப்பாமல் கிளம்புகிறேன். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய பிளம்பர் வருவார், நீங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். வண்டிச் சாவியைத் தேடாதீர்கள். ஒளித்து வைத்துவிட்டேன்.

இன்றைக்கு மாரத்தானை மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்தால்தான் பெரிய போட்டிக்குத் தகுதி கிடைக்கும். போன தடவை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டு, "போதும்மா, மூஞ்சியே செத்துப்போச்சு, வந்துடு" என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என் கால் நின்றுவிட்டது. மறுபடி ஓட ஆரம்பிப்பதற்குள் இரண்டு நிமிடம் போனது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் தகுதியும் கைநழுவிப் போனது.

நேற்று ராத்திரி, "பொண்டாட்டி மேல அக்கறைப்பட்டது ஒரு குத்தமா?" என்று கேட்டீர்கள். "ஆமா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

கோபத்தோடுதான் போகிறேன். இன்றைக்கு அது எனக்கு வேண்டும்.

மேலே எழுதிவிட்டு, ஓடும் சட்டையை இப்போதுதான் எடுத்தேன். என் போட்டி எண் அட்டையை நான் இன்னும் அதில் குத்தவில்லை. ஆனால் நாலு மூலையிலும் ஊசி குத்தி, கோணாமல் நிற்கிறது. எப்போது எழுந்தீர்கள்?

பிளம்பரை நாளைக்கு வரச் சொல்லிவிடுங்கள். சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கிறது. அதே மேம்பாலத்துக்கு வாருங்கள். என் மூஞ்சி எப்படி இருந்தாலும் "போதும்" என்று மட்டும் சொல்லக் கூடாது. "ஓடுடி" என்று கத்துங்கள்.