புஹோமா வாசலுக்கு வந்த ருஷாகா பெர்மிட்

அன்பு மகள் அசிம்வேக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நின்சீமா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டும் ஆண்டவருக்கு நன்றி. நீயும் கம்பாலாவில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. நின்சீமா காலையும் மாலையும் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறாள். அதனால்தான் காலைப் பேருந்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழை இன்னும் விடவில்லை. கீழ்ச் சரிவில் போட்ட உருளைக்கிழங்கில் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. வெள்ளாடு குட்டி போட்டது, ஒன்றுதான் பிழைத்தது. என் முழங்கால் பழையபடிதான், ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போது கொல்கிறது. முறை வரும் நாளில் மட்டும் காட்டு வாசலுக்குப் போய், கொரில்லா பார்க்க வரும் விருந்தாளிகளின் பையைத் தூக்குகிறேன். வர வர அவர்கள் பையில் என்னதான் வைத்துக்கொண்டு வருகிறார்களோ, கல்லா இரும்பா தெரியவில்லை, மாலையில் வந்து படுத்தால் முதுகு என்னுடையதாகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை என் முறை. உன் டூர் கம்பெனி பெயர் எழுதிய வண்டி வந்து நின்றது, ஹாலந்திலிருந்து ஒரு வயதான கணவனும் மனைவியும் இறங்கினார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னவர்கள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது, அந்த அம்மாவின் கழுத்தில் நீ சொன்ன பச்சைத் துணி இருந்தது. நான்தான் முதலில் போய்ப் பையை வாங்கினேன். காவலர் துமுஹைர்வே, நம் கோவிலில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன், பெர்மிட்டை வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், பிறகு இது ருஷாகா வாசலுக்குப் போட்டது, இங்கே செல்லாது என்று சொன்னான். காட்டைச் சுற்றிக்கொண்டு ருஷாகா போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லோரும் கொரில்லா பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். ஆளுக்கு எண்ணூறு டாலர் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடல் தாண்டி வந்தவர்கள் மழையில் நிற்கிறார்கள். டிரைவர் கசூலேவுக்கு வாய் அடங்கவில்லை. ஆபீசில் ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு, இந்தக் காட்டுக்கு நாலு வாசல் இருக்குன்னுகூட அதுக்குத் தெரியல, ரூமை ஒரு பக்கம் போட்டுட்டு பெர்மிட்டை மறுபக்கம் போட்டிருக்கு என்று ஊரே கேட்கக் கத்தினான். அது நீதான் என்று தெரிந்த துமுஹைர்வே என் முகத்தைப் பார்த்தான். நான் பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு பை தூக்குகிற, சும்மா இருக்க மாட்டாத பியாமுகாமா, நம்ம ஹெலிகாப்டரை எடுக்கலாமா என்று கேட்டான், நடக்க முடியாதவர்களை உட்கார வைத்துத் தூக்கிப் போகிற அந்த நாற்காலியைத்தான். ருஷாகாவரைக்கும் தூக்கணும்னா பெட்ரோலுக்கு ஆளுக்கு ஒரு குடம் சோளக் கள் ஊத்தணும் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு நாலு வாசலும் தெரியும் மகளே. புஹோமாவில் இடம் இல்லாமல் ருஷாகாவில் கிடைத்ததை வாங்கியிருக்கிறாய். ஆனால் அறையை இங்கே போட்டிருக்கிறாய். நம் ஆட்களுக்குக் காடு என்றால் இந்த வாசல்தான். அதற்கு மேலும் ஒன்று உண்டு, விருந்தாளி இங்கே வந்தால் பையை அம்மா தூக்குவாள், அவளுக்கு நாலு காசு கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது இந்தப் பக்கம் தள்ளிவிடுவாயே, அந்தக் கை பழக்கத்தில் போட்டிருக்கிறது. இது எனக்கு அங்கேயே நிற்கும்போதே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பை இன்னும் கனத்தது.

துமுஹைர்வே நல்லவன், ருஷாகாவுக்குப் பேசி, தன் அதிகாரிகளிடம் கேட்டு, இங்கே ஒரு குழுவில் வண்டி சேற்றில் மாட்டி வராமல் போன இரண்டு பேரின் இடத்தில் இவர்களைச் சேர்த்துக்கொள்ள வழி பண்ணினான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன், அதற்குள் அந்த அம்மா இருமினார். கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க மழையில் நடந்தபோது பிடித்த சளியாம். இருமல்காரர்களைக் கொரில்லாவிடம் விட மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அவன் பதமாகச் சொன்னான். அந்த அம்மா கணவரை மட்டும் போகச் சொல்லி அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார். நான் அவரை நம் வீட்டுக்கு அழைத்து வந்து அடுப்பருகே உட்கார வைத்துக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தேன். கசூலேவும் பின்னாலேயே வந்தான்.

அன்று விடிந்ததிலிருந்தே நம் மேல் வாழைத்தோட்டத்தில் ஒரு கொரில்லாக் குடும்பம் இருந்தது. போன மாதம் பிறந்த குட்டியும் அதில் இருந்தது. பட்டையைக் கிழிக்கிற சத்தம் வீட்டுக்கே கேட்டது. அவற்றைக் காட்டுக்குத் திருப்பிவிடும் காவல்காரர்களுக்கு ஆள் அனுப்பியிருந்தோம், அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. கசூலே என்னைத் தனியே கூப்பிட்டான். "அம்மா, தோட்டத்துல மேயுதாமே. பத்து நிமிஷம் தூரத்துல நிக்க வச்சுக் காட்டிடுங்க. இந்தம்மா வெறுங்கையோட போய்ப் புகார் எழுதினா ஆபீஸ்ல அந்தப் பொண்ணைத் துரத்திடுவாங்க. பாவம், வீட்டுல அதை நம்பித்தான் இருக்காங்களாம்." யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் எழுந்துவிட்டேன், அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தோட்டத்து வேலியின் கழியைக்கூட உருவிவிட்டேன். உன் அறை வாடகை, இந்தக் கூரை, என் முழங்கால் எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் வந்தது.

இதற்குமேல் இவள் எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்று அதட்டியிருக்கிறேன். உன் தங்கை, பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து வெளியாள் வந்தால் சமையலறைக்குள் போய் ஒளிகிறவள், வந்து வேலி வாயை அடைத்துக்கொண்டு நின்றாள். "வேணாம்மா. அவங்க இருமல் குட்டிக்கு ஒட்டிக்கும். அக்கா இருந்தாலும் விடமாட்டா." கசூலே முறைத்தான், இவள் நகரவில்லை. பிறகு அந்த அம்மாவிடமே திரும்பித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையே சொன்னாள். அவர் தோட்டத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பச்சைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு தானாகவே அடுப்பருகே போய் உட்கார்ந்தார். நான் கழியைத் திரும்பச் செருகினேன்.

புறப்படும்போது, பெர்மிட் போட்ட பெண்ணின் பெயர் என்ன என்று அவர் கசூலேவிடம் கேட்டார். அவனுக்கு உன் பெயர் நினைவில் இல்லை. நான் சொன்னேன், "அசிம்வே. என் மக." நின்சீமாதான் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கசூலே தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அவர் புகார் எழுதுவாரா எழுதமாட்டாரா எனக்குத் தெரியாது. நான் சொன்னது சரியா தப்பா என்றும் தெரியவில்லை, மறைக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

வேலை போயிருந்தால் வீட்டுக்கு வா. உன் கட்டில் அப்படியே இருக்கிறது, அதில் விதை மூட்டை வைத்திருக்கிறேன், இறக்கிவிடலாம். போகாமல் இருந்தால், இனி பணம் கட்டுவதற்கு முன் பெர்மிட்டில் ஆளின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் வாசலையும் விரல் வைத்துப் படி, அப்புறம் அறை போடு. இருமுகிறவரா என்று முந்தின நாளே விசாரி. யாரையும் எனக்காக இந்தப் பக்கம் அனுப்பாதே. என் முதுகுக்குச் சுமையை நானே தேடிக்கொள்கிறேன். ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், உன் கை எழுதுவதெல்லாம் நேராக இருக்கட்டும். குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொள். போனைத் திற.

உன் அம்மா,
கொபுசிங்யே

அக்கா, இது நான் எழுதுவது. முறை இல்லாத நாளிலும் அம்மா வாசலுக்குப் போகிறாள். பை தூக்க இல்லை. வருகிற வண்டிகளின் கதவில் உன் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வந்த டிரைவரிடம் பெர்மிட்டை யார் போட்டது, இன்னும் அதே பெண்தானா என்று கேட்கிறாள்.