அப்பாவின் இடது கண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், உன் அப்பாவின் வலது கண்ணும் சுகமாக இருக்கிறது. இடது கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர் கூடத்துச் சுவரில் தான் வரைந்த படங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “எல்லாம் டீ கொட்டின மாதிரி இருக்கே, நீ ஏன் சொல்லலே” என்று என்மேல் பாய்ந்தார். நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், உனக்கு என்ன தெரியும் என்று என் வாயை அடைத்தது யார்? அமைதியாக வரையலாம் என்று இந்தக் கிராமத்துக்கு வந்த மனிதர் மறுநாளே வீடு வீடாகப் போய், கொடுத்த படங்களைத் திருத்தித் தருகிறேன் என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். தபால்காரர் மனைவி படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அது வெளியூர் போயிருக்கிறது என்றாளாம். என்னால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

தச்சர் மட்டும் பாவம், கொடுத்துவிட்டார். இறந்துபோன அவர் மனைவியை, அவள் இருந்த காலத்தில் உட்கார வைத்து இவர் வரைந்த படம். ஒரே நாளில் கன்னத்தைச் சிவப்பாக்கி நெற்றியை வெளுப்பாக்கி, இப்போதுதான் சரி என்று கூப்பிட்டுக் காட்டினார். தச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குய்யா, ஆனா இது யாரு” என்று கேட்டார். அவ்வளவுதான், உன் அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை, அதற்கும் நான்தான் கெஞ்ச வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் நல்ல கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, புரை விழுந்த இடது கண்ணால் அந்த முகத்தைப் பழையபடி வரைந்துகொண்டிருக்கிறார். டர்பென்டைன் கிண்ணத்தை இரண்டு தடவை தட்டிவிட்டார், துடைத்தது நான். இடது கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியையும் இரண்டு தடவை தள்ளிப் போட்டார். “இந்தப் புரை போயிட்டா அவ முகத்தை நான் எதைக் கொண்டு பார்ப்பேன்” என்று டாக்டரிடமே கேட்கிறார். டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் யாரைப் பார்ப்பது?

தச்சரும் தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வரணும் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். எனக்கோ படம் போன வாரமே சரியாகிவிட்டது என்று தோன்றியது. முந்தாநாள் அவரை வாசலில் நிறுத்தி, இன்னும் என்னதான் வரணும் என்று கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “போன வாரமே அவ வந்துட்டாம்மா. இங்க வந்தா அவளைப் பத்திப் பேச ஆள் இருக்கு, வீட்டுல நானும் படமும்தான்” என்றார். திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். படம் முடிந்தாலும் தினம் வாருங்கள், பேசுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு இவரை நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும் என்றேன். நேற்று வந்து, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா கைக்குட்டையை அவிழ்க்காமலே, அந்தப் புரைக் கண்ணாலேயே வீட்டையும் மரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு தச்சரோடு தேதி கேட்கப் புறப்பட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். புதன்கிழமை மறக்காமல் போன் செய்து அப்பாவுக்குத் தைரியம் சொல். எனக்கும் கொஞ்சம் சொல், வேண்டாம் என்பேன், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அலுத்துப்போன உன் அம்மா