போஸ்டர் மேல் ஒட்டிய வெள்ளைத் தாள்

என்னங்க,

ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பு மேடையில் இருக்கிறது. நான் கொரட்டூருக்கு ஓட்டுக் கேட்கப் போகிறேன்.

நம் வார்டில் பெண்தான் நிற்கணும் என்று சட்டம் வந்தும், கட்சிக்காரர்கள் போஸ்டரில் உங்கள் முகத்தைப் பெரிதாகவும் என்னைத் தபால் தலை அளவிலும் போட்டார்கள். அந்தக் கோபத்தில் உங்களோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.

நேற்று பார்த்தால் தெருவெல்லாம் உங்கள் முகத்தின் மேல் வெள்ளைத் தாள். எதிர்க்கட்சிக்காரன் வேலை என்று மைக்கில் கிழிகிழி என்று கிழித்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா அக்கா ஓடிவந்து மைக்கைப் பொத்தினார்.

"சும்மா கீற ஆளுங்கள இன்னாத்துக்குத் திட்டிகினு கீறே? காத்தால உன் ஊட்டுக்காரருதாம்மே பசை வாளியோட வந்து ஒட்டிகினு இருந்தாரு. இன்னாண்ணே இதுன்னேன். 'நிக்கிறது அவதானே, என் மூஞ்சி எதுக்கு'ன்னாரு."

மைதா டப்பா எப்படிக் காலியானது என்று அப்போதுதான் புரிந்தது. கட்சி ஆபீசில் உங்களை என்னவெல்லாம் பேசினார்களோ! அத்தனையும் வாங்கிக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த வீட்டுக்காரர் இப்படிச் செய்வார்? நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளியே போனால் சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

ஜெகதா

பி.கு: நம் கேட்டில் இருக்கும் போஸ்டரில் மட்டும் அந்தத் தாளை ஈரத்துணியால் எடுத்துவிட்டேன். மூக்கு கொஞ்சம் போய்விட்டது. பரவாயில்லை, மறுபடி ஒட்டாதீர்கள். ஓட்டுக் கேட்கக் கிளம்பும்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.