முன்னால் போன சைக்கிள்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மெரூன் ஸ்வெட்டரை எடுத்தேன். ஐந்து வருஷமாக வெளியே எடுக்காதது. அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. உதறிவிட்டு வெயிலில் போடலாம் என்று பார்த்தால் வலது பக்கப் பையில் என்னவோ கெட்டியாக இடித்தது. கையை விட்டேன். என்னுடைய பழைய இன்ஹேலர். காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. அது இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்து காலியாகவில்லை அக்கா. "இன்ஹேலர் எடுத்துக்கிட்டியா புள்ள?" என்று நீங்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அது காலிதான்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது. நீங்கள் உயிரோடு இருந்த ஆறு வருஷம். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று மில்லே சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வேன் கடத்தூர் மெயின் ரோட்டோடு போய்விடும், நம் ஊருக்குள் வராது. அதனால் நம் இரண்டு பேருக்கும் ஏழு கிலோமீட்டர் சைக்கிள்தான். ஐந்து மணிக்கு மாதா கோயில் முக்கில் நீங்கள் நிற்பீர்கள். உங்கள் பெரிய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு உங்களுக்கு வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு ஜெபமாலை சுற்றியிருக்கும், பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய செல்போனில் டார்ச் எரியும். காதில் மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சு. குளிருக்குக் கையில் மாமாவின் சாக்ஸ்.

"மாமா சாக்ஸைத் தேட மாட்டாரா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தேடட்டும். வூட்ல தூங்கறவரு காலுக்கு என்ன அவசரம்? ஹேண்டில் புடிக்கறது என் கைதானே."

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஐப்பசி பிறந்து பனி விழ ஆரம்பித்தால் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதெல்லாம் கிடையாது, ஒருவர் பின்னால் ஒருவர்தான். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கவும் வேண்டும். குழி, நாய், வண்டி, எது வந்தாலும் ஒரே வார்த்தை. பின்னால் வருகிறவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குரலை நம்பி மிதித்தால் போதும். மாதா கோயிலிலிருந்து ஏரி வரைக்கும் ஒருவர், ஏரிக்கரை முழுக்க அடுத்தவர், அதற்கப்புறம் மறுபடி மாற்றிக்கொள்வோம். மறுநாள் வரிசை திரும்பும். ஏரிக்கரைதான் கொடுமை. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது, தண்ணீர்மேல் ஏறி வருகிற காற்று பல்லைக் கூச வைக்கும். அது யார் பங்கு என்று நாம் இரண்டு பேரும் தப்பாமல் ஞாபகம் வைத்திருந்தோம்.

முதல் வருஷம் கார்த்திகையில் என் முறை வந்த ஒரு நாள் ஏரிக்கரை பாதியில் எனக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. அது நிஜம். சைக்கிளைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "மாதாவே, மாதாவே" என்றீர்கள். அன்றைக்கு இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். மேஸ்திரியிடம் நீங்கள்தான் பேசி உள்ளே விடச் செய்தீர்கள். திரும்பி வரும்போது, "இனி நான்தான் முன்னாடி. நீ என் முதுகை ஒட்டி வா. இதுல பேச்சே கெடையாது" என்று சொல்லிவிட்டீர்கள். தருமபுரி டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். அந்தப் பருவம் முழுக்க நீங்கள்தான் முன்னால் போனீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

சித்திரையில் டாக்டரிடம் மறுபடி போனேன். நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சும்மா, இனிமே இது வேணாம். திரும்ப இழுத்தா வாங்க" என்றார். திரும்ப இழுக்கவே இல்லை. அடுத்த ஐப்பசி வந்தது. முதல் பனி நாளில் மாதா கோயில் முக்கில் உங்களைப் பார்த்தேன். இன்ஹேலர் எடுத்துக்கொண்டேனா என்று கேட்டீர்கள். சரியாகிவிட்டது அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும், இரண்டே வார்த்தை. நான் ஸ்வெட்டர் பையைத் தட்டிக் காட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். உங்கள் முதுகு அகலம், அதன் பின்னால் குளிர் குறைவு. முதல் காரணம் அவ்வளவு கேவலமானதுதான், பூசி மெழுக முடியாது. இன்னொன்றும் இருந்தது. என்னைப் பார்த்து எடுத்துக்கிட்டியா, போட்டுக்கிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்க அப்போது எனக்கு வேறு ஆள் இல்லை. என் வீட்டில் நான் கேட்கிறவள், கேட்கப்படுகிறவள் அல்ல. வீசிங் போய்விட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும் என்று தோன்றியது. காலி இன்ஹேலரை இரண்டு பருவம் சுமந்தேன்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து வரும்போது நீங்கள் பாவசங்கீர்த்தனம் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின வாரம். "செஞ்ச தப்பையெல்லாம் சாமியாருகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சா அரிசி மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி இருக்கும் புள்ள. நீங்கெல்லாம் யாருகிட்ட சொல்லுவீங்க?"

"நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லீங்க. கற்பூரம் ஏத்திக் கும்புட்டுட்டு வந்துடுவோம்."

"அட, அது சுலபமா இருக்கே" என்று சிரித்தீர்கள். சுலபமாகத்தான் இருந்தது அக்கா. அந்த வருஷம் முழுக்க சுலபமாக இருந்தது.

அப்புறம் அந்தக் கார்த்திகை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, டிராக்டர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குப் பனி புகை மாதிரி இறங்கியிருந்தது. உங்கள் மூக்கு அடைத்துக் குரல் கம்மியிருந்தது, கண் சிவந்திருந்தது. ஏரிக்கரை ஏறுகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தினீர்கள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டீர்கள்.

"ஏ புள்ள, தலை ஒரே பாரமா இருக்குது. இந்தக் கரையை மட்டும் நீ முன்னாடி போறியா? மெதுவாப் போனாப் போதும்."

நான் இருமினேன். வந்த இருமல் இல்லை. வரவழைத்தது. இரண்டு தடவை இருமினேன்.

உடனே நீங்கள், "வேணாம் வேணாம், உனக்கு இழுத்துக்கும். நானே போறேன்" என்று பெடலில் காலை வைத்துவிட்டீர்கள். அப்போதுகூடக் கூப்பிட்டிருக்கலாம். சைக்கிள் இரண்டு சுற்று உருளுகிற நேரம் இருந்தது. நான் ஸ்வெட்டர் காலரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன்.

கரையின் வளைவில் கரும்பு ஏற்றிய டிரெய்லரை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பின்னால் விளக்கு இல்லை. கரும்பு இரண்டு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உங்கள் டார்ச் வெளிச்சம் பனியைத் தாண்டவில்லை. "வண்டி" என்று கத்தினீர்கள். அந்தக் கம்மிய குரலில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ. நான் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்க நேரமில்லை. எனக்குச் சொல்லுகிற நேரத்தில் உங்கள் பிரேக்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் கண் தெளிந்து என்னைப் பார்த்ததும் நீங்கள் பேசிய முதல் பேச்சை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நல்ல வேளை நீ முன்னாடி போகலை. நீ ஒல்லிக்குச்சி, தாங்கியிருக்க மாட்ட. நான் உன்னைப் போகச் சொன்னனே, பாவி. மாதா உனக்கு இருமலைக் குடுத்தா பாரு."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் மாமா நின்றிருந்தார், நர்ஸ் ஊசியோடு வந்தாள். இப்போது வேண்டாம், வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கட்டுப் பிரிக்கட்டும் என்று நினைத்தேன். கட்டுப் பிரித்த பிறகு கால் ஒரு விரற்கடை கட்டையாகிப்போனது தெரிந்தது. எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்று மில்லில் நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வேன்? நீங்கள் உட்கார்ந்த இடத்தில் மார்க்கெட்டுக்குப் பூக் கட்டினீர்கள். நடக்கப் பிடிக்கும் உங்களுக்கு. கடைத்தெரு, கோயில், மகள் வீடு என்று ஓடிக்கொண்டிருந்த ஆள், வாசலைத் தாண்ட மாமாவின் தோளைத் தேடினீர்கள்.

நான் ஞாயிறு தவறாமல் வந்தேன். துணி துவைத்தேன், காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், மீன் குழம்பு கொண்டுவந்தேன். பார்த்தவர்களெல்லாம் கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள். மாமா விருந்தாளிகளிடம், "இந்தப் பொண்ணுதாங்க அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு எங்க வூட்டுக்காரியக் காப்பாத்துனது" என்று அறிமுகப்படுத்துவார். நான் அதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்களோ பூவைக் கட்டிக்கொண்டே, "குளுரு காலம் வந்துடுச்சே, மருந்து வெச்சிருக்கியா?" என்பீர்கள். விழுந்து நான்கு வருஷம், நான்கு குளிர்காலம், நான்கு தடவையும் கேட்டீர்கள். நானும் தலையை ஆட்டினேன். போன பங்குனியில் நெஞ்சு வலி என்று ஒரு சாயங்காலம் சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று நானும் வந்திருந்தேன், பார்த்தீர்களோ என்னவோ. மாமா வெள்ளையடித்து வைத்திருந்தார். மெழுகுவர்த்தியைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, உங்கள் சின்ன மகள் ஸ்டெல்லா திரும்பத் திரும்ப ஏற்றினாள். அங்கேயாவது சொல்லிவிடலாம் என்று வந்தேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார், சுற்றிலும் உங்கள் சொந்தக்காரர்கள். மனசுக்குள் சொன்னால் கணக்கில் வருமா என்று தெரியவில்லை. பூவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வாசலில்தான் மாமா என்னை நிறுத்தினார். "ஸ்டெல்லாவுக்கு உங்க மில்லுலயே நூல் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை கெடச்சிருக்குது. காலை ஷிப்டு. ஸ்கூட்டி வாங்கற வரைக்கும் அவங்கம்மா சைக்கிள்லதான் போவா. தனியா அனுப்ப மனசு கேக்கலைம்மா. நீ கூடப் போனா எனக்கு நிம்மதி." நீங்கள் விழுந்த நாளிலிருந்து நான் சைக்கிளைத் தொட்டதில்லை. பால் ஊற்றப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் மொபெட்டில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். மாமாவிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். அதற்காகத்தான் ஸ்வெட்டரைத் தேடினேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவள் அதே முக்கில் நின்றாள். மெலிந்த உடம்பு, உங்கள் சாயலே இல்லை, குரல் மட்டும் அச்சு அசல் நீங்கள். "சித்தி, நீங்க பின்னாடி வாங்க. உங்களுக்குக் காத்து ஆகாதுன்னு அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? பின்னாலேயே போனேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நான்கு நாளும். இதை எழுத எனக்கே கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. முன்னால் அவள் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். காற்றில் சைக்கிள் அலைபாய்ந்தது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று மிதித்து அவளைத் தாண்டி முன்னால் வந்தேன்.

"சித்தி, என்ன பண்றீங்க? இழுத்துக்கும் சித்தி."

"எனக்கு வீசிங் இல்ல ஸ்டெல்லா. நின்னுடுச்சு."

"நெஜமாவா? எப்போ நின்னுச்சு?"

குளிரில் வாயைத் திறந்தேன். உங்க அம்மா விழறதுக்கு முன்னாடியே என்று சொல்லியிருக்க வேண்டும். "இந்த வருஷந்தான்" என்றேன்.

பின்னாலிருந்து அவள் பேசினாள், குரல் உடைந்திருந்தது. "அம்மா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க. தெனமும் ஜெபத்துல எங்க பேரெல்லாம் அப்புறந்தான் வரும் சித்தி. 'அந்தப் புள்ளைக்கு மூச்சு நல்லாவணும்'னுதான் ஆரம்பிப்பாங்க. கடைசி நாள் வரைக்கும்."

அக்கா, நீங்கள் சாகிறவரைக்கும் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது என்னிடம் ஏற்கெனவே இருந்தது. கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்க விட்டிருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத வந்தேன். எழுத எழுத, மன்னிக்க வேண்டியவர்களில் நீங்கள் மட்டும் இல்லை என்று தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குத் தன் அம்மாவின் கால் ஏன் போனது என்று தெரியாது.

இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குக் காலை அவள் முக்கில் நிற்பாள். நான்தான் முன்னால் போவேன், அதில் மாற்றமில்லை. ஏரிக்கரைக்குப் போவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவள் என் பின்னால் வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை.