கைலி முடிச்சுக்குக் கீழே

ரங்கூன்,
அக்டோபர் 2009

என் தங்கச்சிக்கு,

மாவ்பியில் மழை விட்டதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இந்த மாதம் மார்புப் புற்றுநோயைப் பற்றி ஊர் ஊராக எடுத்துச் சொல்கிற மாதமாம். நம் கோயில் மண்டபத்துக்கும் ஒரு பர்மிய டாக்டரம்மா வந்தார். இதற்கெல்லாம் ஒரு மாதமா என்று நான்தான் முதலில் சிரித்தேன்.

அவர் கோபப்படவில்லை. “தொட்டியடியில் கைலியை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதானே குளிக்கிறீர்கள்? அந்த முடிச்சுக்குக் கீழே உங்கள் கை என்றைக்காவது போயிருக்கிறதா? ஞாபகப்படுத்த ஒரு மாதமாவது வேண்டாமா?” என்று கேட்டார்.

நீயும் அப்படித்தானே குளிக்கிறாய்? இன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு விரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார். அக்குளையும் விடாதே. கட்டி இருந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் பயமே. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் கரையாது, தோல்தான் வெந்துபோகும்.

எனக்கு இப்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. வெயில்தான் காரணம்.

வியாழக்கிழமை இங்கே கியாக்டடா கிளினிக்கில் அந்த டாக்டரம்மா பார்க்கிறார். காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. உன் அத்தான் ஏதாவது கேட்டால் தலையாட்டு. கட்டி உனக்கு என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாயில் அப்படித்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

உள்ளே கூப்பிடும்போது என் கையை மட்டும் விட்டுவிடாதே.

உன் அக்கா