எந்தப் பெரியநாயகி?

என் பிரியமான சரோஜாவுக்கு,

உன் செல்வி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். என்னைப் பார்த்தால் இப்போதும் "பெரியம்மா" என்று ஓடி வருகிறாள். அவளை நேராகப் பார்க்க இந்த ஒரு வாரமாக எனக்குக் கூசுகிறது.

போன ஞாயிறு கமலாவும் நானும் கோணாங்குப்பம் மாதா கோயிலுக்குப் போனோம். அறுபத்தேழில் பீங்கான் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து, மூவரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோமே, அந்தப் பயணம்தான். உனக்குப் பதிலாக உன் பட்டுப் புடவை என் பையில் இருந்தது.

செல்விக்கு டைபாய்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கப்புக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தவள், மண் கையோடு எழுந்து நின்றாய். "பெரியநாயகித் தாயே, எம் புள்ள எழுந்து நடந்தா ஒனக்குப் பட்டுப் பொடவ சாத்துறேன்" என்று அழுதாய். பிள்ளை பிழைத்தாள். நீ புடவையும் வாங்கி வைத்தாய். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் விசாரிக்கப் போனபோது உன் வீட்டுக்காரர் அந்தப் புடவையை எடுத்து வந்தார். "பெரியநாயகிக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. நம்மூரு கோயில்லயும் பெரியநாயகி, ஒங்க கோணாங்குப்பத்துலயும் பெரியநாயகி மாதா. எந்தப் பெரியநாயகிங்க?" என்று கேட்டார்.

"எங்க மாதாதாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பொய், சரோஜா. அன்றைக்கு நீ கம்பெனி ஜன்னல் வழியாக நம்மூர்ப் பழமலைநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? உன்னை எரித்தது உன் சொந்தக்காரர்கள். காரியம் செய்ததும் அவர்கள். எனக்கென்று உன்னிடம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதே என்ற ஆற்றாமை.

கோணாங்குப்பத்தில் வரிசையில் நின்று பீடத்தருகே போய்விட்டோம். புடவை கட்டி, பிள்ளையை ஏந்தி மாதா நிற்கிறாள். காணிக்கை வாங்கும் கோயில்பிள்ளை கையை நீட்டினார். எனக்குப் பையிலிருந்து கை வரவில்லை.

"குடுடி, என்னா பாக்குற?" என்றாள் கமலா. அவளை வெளியே இழுத்து வந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சாமி காரியத்துல போயி பொய் சொன்னியாடி, பாவி!" என்று திட்டினாள். நான் அழுததைப் பார்த்து இளகிவிட்டாள். "சரி விடு. ரெண்டு பேரும் தாயிதான. யாருக்குக் குடுத்தா என்னா?"

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் செல்வியின் உயிரை நீ யாரிடம் கேட்டாயோ, அவளுக்கல்லவா புடவை? திரும்ப உள்ளே போய் வெறுங்கையோடு முழங்கால் போட்டேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் கேட்க வேண்டியது உன்னிடம்தான்.

கமலா தானே பழமலைநாதர் கோயிலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்தக் கோயிலுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. இந்த வெள்ளிக்கிழமை வைப்பேன். முதலில் உன் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்வேன், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். பிறகு செல்வியைக் கூட்டிக்கொண்டு அம்மன் சன்னதிக்குப் போவேன். அங்கே எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியாது, உன் மகள் சொல்லித் தருவாள். அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டால், சரோஜா என்று நானே சொல்வேன்.

செல்விக்குப் பெரியம்மா,
லூர்து