பாடும்போது திக்காத பிள்ளை

மாசி, தேய்பிறை ஆறாம் நாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, கணக்கு வேலை பார்க்கும் மருமகன் ஓலையில் எழுதுகிறான்.

என் பேத்தி செல்லிக்கு வாய் திக்கும். ஒல்லாந்தர் கோட்டையில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரிடம் ஐப்பசியில் நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். பாடும்போது ஒரு சொல்லும் திக்கவில்லை. பேச்சையும் மெட்டில் போட்டு இழுத்துப் பேசப் பழகினாள். தை பிறந்ததும் ஒருநாள், சோறு வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

இன்று கரைவலை இழுத்தோம். வழக்கம்போல் பிள்ளைகள் கயிற்றின் கடைசியில் நின்று எதிர்ப்பாட்டு பாடினார்கள். அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் பெரியவர்கள் கை சேர்த்து இழுப்போம். செல்லி மட்டும் கோட்டைப் பாட்டின் நீட்டு மெட்டில் பாடினாள். அவள் குரல்தான் பெரிது. மற்றப் பிள்ளைகளும் அவள் பின்னால் போய்விட்டார்கள். இழுக்கிற கைகள் தடுமாறின. வலையின் அடி தரையை விட்டு எழும்பி, மடவை மீன் மொத்தமும் நழுவிப்போனது.

"இன்னாடா, உன் பொண்ணு மீனுக்குத் தாலாட்டு பாடுதா?" என்று ஊர்ப் பெரியதனக்காரர் என் மகனைக் கேட்டார். "இனிமே அது கோட்டைக்குப் போச்சுன்னா, நீ கயித்துல கை வெக்காத."

வீட்டுக்கு வந்ததும், "பாடுறதாலதான்டா அதுக்குப் பேச்சே வருது" என்றேன் மகனிடம்.

"கயிறு இல்லன்னா சோறு ஏது நைனா?"



படுக்கப் போகுமுன் செல்லி என்னிடம் எதையோ சொல்ல வந்தாள். "தா... தா..." என்று நின்றுவிட்டாள். மெட்டில் போட்டுச் சொல்லு கண்ணு என்றேன். அவள் அப்பனைப் பார்த்தாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். என்ன சொல்ல வந்தாளோ.